முதல் வரியில் எந்த ஊர்

நாக்புரோன், லிமரிக், அயர்லாந்து
ஏப்ரல் 17, 1994

ஃபின்டன்,

ஈஸ்டருக்கு அம்மா அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் உன் கை ஒடிந்துவிடாது. தினமும் கேட்கிறாள். நான் தினமும் "வந்திருக்கும்மா" என்று பொய் சொல்கிறேன்.

இப்போது என் விஷயம். உட்கார்ந்து படி.

அப்பா லாரி ஓட்டும் பால் கூட்டுறவுச் சங்கம் இந்த வருடம் ஓர் உதவித்தொகை அறிவித்தது. கார்க் பல்கலைக்கழகத்தில் பால் அறிவியல், நான்கு வருடம். கட்டணம், தங்குமிடம், புத்தகம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. முடித்த பிறகு மூன்று வருடம் இங்கேயே வந்து வேலை பார்க்க வேண்டும். ஒரே ஓர் ஆளுக்குத்தான். அந்த ஆள் நான்.

அப்பாவின் கால் தரையில் இல்லை. பால் எடுக்கப் போகிற முப்பத்தொரு பண்ணையிலும் லாரியை நிறுத்தி, கேட்டில் சாய்ந்துகொண்டு, "எங்க டெர்வ்லாவுக்குத்தான் கொடுத்திருக்காங்க" என்று ஆரம்பித்து விடுகிறார். போன வாரம் முழுக்கப் பால் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்ததாம்.

சிக்கல் என்னவென்றால், பிப்ரவரியில் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான கால்வே சேர்க்கை அலுவலகத்துக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்தில் முதல் வரியில் இருப்பது கார்க் இல்லை. டப்ளின். அந்தப் பழைய பெரிய பல்கலைக்கழகத்தில் சட்டம். கார்க் இரண்டாவது வரியில். மேலிருந்துதான் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். முதல் வரி கிடைத்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். சங்கமோ, கார்க் முதல் வரியில் இருந்தால்தான் பணம் என்கிறது. அப்பா மேனேஜரிடம் "முதல் வரியிலதான் எழுதியிருக்கா, எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்னைக் கேட்டபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே "ம்" என்றேன். அந்த "ம்" இப்போது ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

வரிசையை மாற்ற ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். ஜூலை ஒன்றாம் தேதிக்குள் கால்வேக்குப் போய்ச் சேர வேண்டும். என் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.

பள்ளியில் சிஸ்டர் பெனிக்னஸ் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "கார்க்குக்கு வேண்டியதுக்கு மேல வரப்போற நூத்தியிருபது பாயின்ட்டை வீணடிச்சுட்டு மாட்டுத் தொழுவத்துக்கா போகப்போற?" என்றார். அம்மாவுக்கு டப்ளினே பிடிக்கவில்லை. "எங்க காலத்துல கத்தோலிக்கப் பிள்ளைங்க அங்க சேரணும்னா பிஷப்கிட்ட அனுமதி வாங்கணும்" என்கிறாள். அந்தத் தடையை நீக்கி இருபத்துநாலு வருடம் ஆகிறது என்று சொன்னால், "எனக்கு யாரும் சொல்லலையே" என்கிறாள். அப்பாவின் சம்பளம் அரசு உதவிக்கான வரம்பை ஒரு விரல் அளவு தாண்டுகிறது. ஆகவே டப்ளின் என்றால் செலவு நம் தலையில்.

என்ன செய்ய? கிண்டல் பண்ணாமல் பதில் எழுது.

டெர்வ்லா


கிரிக்கில்வுட், லண்டன்
ஏப்ரல் 26

டெர்வ்லா,

பார்சல் வந்தது. கேக்கை மேஸ்திரி பேக்கி லாவெல் தின்றுவிட்டான். மேயோ மாவட்டத்துக்காரனை நம்பிக் கேக்கை வெளியே வைத்தது என் தப்பு. அம்மாவிடம் நான் தின்றதாகச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில்: கையை வைக்காதே. முதல் வரி டப்ளின். அப்படியே இருக்கட்டும்.

நான் எட்டு வருடமாக இங்கே சென்ட்ரிங் பலகை அடிக்கிறேன். நாங்கள் அடித்த பலகைக்குள் கான்கிரீட் கொட்டி எழுப்பிய கட்டடங்களில் வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கோட்டு போட்டுக்கொண்டு ஃபைலைப் புரட்டுவாள். அப்போதெல்லாம் அது நீ என்று நினைத்துக்கொள்வேன். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். நீ எட்டு வயதிலேயே என்னோடு சண்டை போட்டு ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். இது பேச்சுக்கு இல்லை. எனக்குக் கல்யாணமும் இல்லை, காரும் இல்லை.

அவரை நினைத்துப் பயப்படுகிறாய், அதுதான் விஷயம். (அவர் என்றால் யார் என்று உனக்குத் தெரியும். எழுத வேண்டாமே.) காலையில் முகத்தைப் பார்த்ததும் உன் மனசு இளகிவிடும். அந்தப் படிவம் வீட்டில் இருந்தால் ஒருநாள் கண்ணில் பட்டு அவர் பேனாவை நீட்டுவார், நீ கார்க் என்று எழுதிவிடுவாய். எனக்கு அனுப்பிவிடு. நான் வைத்திருக்கிறேன். இங்கே வந்து யாரும் கேட்க மாட்டார்கள்.

ஃபின்டன்


நாக்புரோன்
மே 9

ஃபின்டன்,

படிவம் உள்ளே இருக்கிறது. நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. நேற்று காலையில் கார்க் என்று பென்சிலால் எழுதினேன், மத்தியானம் அழித்தேன், சாயங்காலம் எழுதினேன், மறுபடி அழித்தேன். இன்னும் நாலு தடவை அழித்தால் காகிதம் கிழிந்துவிடும். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. இது வீட்டில் இருக்கும்வரை நான் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டேன்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வரிசையை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நான் முடிவு செய்து எழுதினால் நீ நிரப்பி நேராகக் கால்வேக்கு அனுப்பிவிடலாம். நான் ஒன்றும் எழுதாவிட்டால் அப்படியே கிடக்கட்டும், பழைய வரிசை நிற்கும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவள் வக்கீலுக்கு லாயக்கா என்று நீயே சொல்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன கோடையில் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவப் போனேன் அல்லவா? ஆகஸ்டில் ஒருநாள் சீஸ் தொட்டியில் பால் உறையவே இல்லை. அவ்வளவு பெரிய தொட்டி. உறை ஊற்றி நாலு மணி நேரம் ஆகியும் பால் பாலாகவே நின்றது. எல்லோரும் கத்துகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பிரீஜ் டான்ஸி மட்டும் கத்தவில்லை. "உறை செத்துப்போச்சு. யாரு கொன்னான்னு பாப்பம், வா" என்றாள். மூன்று நாள் தேடினோம். உறையில் இருக்கும் கிருமியையே தின்னும் இன்னொரு கிருமி இருக்கிறதாம். சோதனைக் கண்ணாடித் தட்டில் உறையின் கிருமி பால்வெள்ளையாகப் படர்ந்திருந்ததன் நடுவே ஊசி குத்தினாற்போல் வெறும் ஓட்டைகள். அந்த ஓட்டைகள்தான் அது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. "எங்கிருந்துதான் வந்துச்சு?" என்று கேட்டதற்கு பிரீஜ், "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். மிச்சம் கார்க்ல தெரியும்" என்றாள்.

இதை யாரிடம் சொன்னாலும் பாயின்ட் வீண் என்கிறார்கள். சட்டத்தை நான் ஏன் முதலில் எழுதினேன் தெரியுமா? அதற்கு எட்டுகிற பாயின்ட் எனக்கு வரும் என்றார்கள், அதனால். மேல் அலமாரி எட்டுகிறது என்பதற்காக அதிலிருப்பதை எடுப்பது போல. மார்ச்சில் டப்ளினுக்குப் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கல் பாவிய முற்றம், மணிக்கூண்டு. பெரிய அரங்கில் உட்கார்ந்து ஒரு பேராசிரியர் பேசியதைக் கேட்டேன். நன்றாகப் பேசினார். ஆனால் சாப்பாட்டு மணிக்காகக் காத்திருந்தேன்.

அப்படியென்றால் கார்க்தானே என்பாய். அங்கேதான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கார்க் எனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை, சும்மா கிடைப்பதால் பிடித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேனா? சங்கம் பணமே தராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போது தெரிந்திருக்கும். இன்னொன்று, அந்த மூன்று வருடம். திரும்பி வந்து நாக்புரோனிலேயே முளைத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

டெர்வ்லா


கிரிக்கில்வுட்
மே 20

டெர்வ்லா,

படிவம் என் கோட்டின் உள்பையில் பத்திரமாக இருக்கிறது.

ஓட்டை விழுந்த தட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்தேன். ஒரு கோடை மயக்கம், அவ்வளவுதான். எனக்கும் பதினேழு வயதில் மாட்டு வைத்தியராக ஆசை வந்தது, ஒரு கன்று கையை நக்கியதால்.

உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதே. இங்கே சைட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பேக்கி என்னை "ஜட்ஜோட அண்ணன்" என்றுதான் கூப்பிடுகிறான். காலையில் ஏணியில் ஏறும்போது, "யுவர் ஆனர், ஆணி டப்பாவ எடுங்க" என்கிறான். நம் வீட்டிலிருந்து ஒருத்தியாவது அந்த முற்றத்துக் கல்லில் நடக்கட்டும் என்றிருக்கிறது. என் பேராசை என்று வைத்துக்கொள்.

பரீட்சை முடியும்வரை இதை மற. அதற்குள் வெயில் வந்துவிடும். பரீட்சை வந்தால் வெயில் வராமல் இருக்காது.

ஃபின்டன்


நாக்புரோன்
ஜூன் 22

ஃபின்டன்,

பரீட்சை முடிந்தது. வெயிலும் வந்தது. கெமிஸ்ட்ரி நன்றாக எழுதினேன், ஐரிஷ் சுமார். அதை விடு.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை உலகக் கோப்பைக் கால்பந்தில் இத்தாலியை ஜெயித்தோமே, ஊரே தெருவில் ஆடிக்கொண்டிருந்தது, அவர் முகமும் மலர்ந்திருந்தது. இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, முதல் வரில கார்க் இல்ல. டப்ளின். பிப்ரவரிலயே அப்படித்தான் எழுதினேன்."

குழாயை மூடினார். கையைத் துடைத்தார். கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நீ டப்ளினுக்குத்தான் ஆசைப்பட்ட?"

"தெரியலப்பா."

"நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே."

"நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

குனிந்து டயரில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். பிறகு, "சரி. வாசல் வாசலா நின்னு சொன்னவன் நான்தானே. நானே போய் இல்லன்னு சொல்லிட்டு வரேன். நீ அத நெனச்சு முடிவெடுக்காத" என்றார்.

சொன்னபடியே செய்தார், ஃபின்டன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் முப்பத்தொரு கேட்டிலும் லாரியை நிறுத்தி, "பொண்ணு இன்னும் முடிவு பண்ணல. நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மேனேஜரிடமும் சொன்னார். மேனேஜர் ஜூலை ஒன்றுவரை காத்திருக்கிறாராம். அப்பா மன்னிப்புக் கேட்டு நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

அதன் பிறகு இன்று முழுக்க நடந்தேன். குளம்வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக யாருக்காகவும் இல்லாமல் யோசித்தேன். நாளைக்கே சங்கம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். பிரீஜுடன் பாட்டில் கழுவியாவது கார்க்குக்குத்தான் போவேன் என்று வந்தது. டப்ளின் கட்டணத்தை யாராவது முழுக்கக் கட்டினாலும் போவேனா என்று கேட்டேன். மாட்டேன் என்று வந்தது.

ஆகவே நிரப்பிவிடு. முதல் வரி கார்க், இரண்டாவது டப்ளின். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அனுப்பு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தபால் போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறேன்.

உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். பேக்கியிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

டெர்வ்லா


நாக்புரோன்
ஜூன் 28

ஃபின்டன்,

நான்கு தடவை போன் செய்தேன். உன் வாடகை வீட்டுக்காரம்மா நான்கு தடவையும், "அவர் வெளிய போயிருக்காரும்மா" என்கிறார். கடைசித் தடவை பின்னால் உன் இருமல் கேட்டது.

கால்வேக்கும் போன் செய்தேன். படிவம் இன்னும் வரவில்லையாம். ஆளுக்கு ஒரே படிவம்தானாம், நேரில் வந்தாலும் வேறு தர மாட்டார்களாம்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு ஒருவனிடம்தான் கொடுத்தேன். அவன் இப்படிச் செய்தால் இனி நான் யாரை நம்புவது?

டெ.


கால்வே
ஜூலை 1, வெள்ளி

டெர்வ்லா,

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி மூன்று. உன் படிவத்தை இரண்டு மணிக்கு நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வரி கார்க். இரண்டாவது டப்ளின். அந்தப் பெண் சீல் குத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன். "லண்டன்லேருந்தா கொண்டு வந்தீங்க? அங்க ஸ்டாம்பு தீந்துபோச்சா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

உன் கடிதம் சனிக்கிழமையே வந்தது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் போதும். அனுப்பவில்லை. நீ போன் செய்தபோது மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜூலை ஒன்று தானாகக் கடந்துபோகட்டும், டப்ளின் அப்படியே நிற்கும், ஒரு வருடம் என்னைத் திட்டுவாய், பிறகு கோட்டு போட்டுக்கொண்டு நன்றி சொல்வாய் என்று கணக்குப் போட்டேன்.

அது மட்டும் இல்லை. அப்பா முப்பத்தொரு கேட்டில் நின்று உனக்காகச் சொன்னதைத் திருப்பி வாங்கினார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு உள்ளே எரிந்தது. உனக்கு ஏன் என்று தெரியாது. வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பணத்துக்காக லண்டன் போனேன், குடித்துவிட்டு வந்து கிறிஸ்துமஸில் சண்டை போட்டேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

எண்பத்தாறில் எனக்கும் டப்ளினில் இடம் கிடைத்தது. இன்ஜினியரிங். ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து, அவர் தினமும் தபாலாபீஸைத் தாண்டித்தானே போகிறார் என்று அவரிடம் கொடுத்தேன். அது போகவே இல்லை. தபாலில் தொலைந்தது என்றார்கள், நம்பினேன், கப்பல் ஏறினேன். தொண்ணூறு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டார்ச் தேடி லாரிக்குள் கையை விட்டேன். சீட் அடியில் அந்த உறை இருந்தது. ஸ்டாம்பு ஒட்டியபடி. என்ன இது என்று கேட்டதற்கு அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "மறந்துட்டேன்." கட்ட வசதியில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

புதன்கிழமை சைட்டில் பேக்கி கேட்டான். "ஜட்ஜம்மா பேப்பர் போயிடுச்சாடா?" நான் பலகையில் ஆணி வைத்துக்கொண்டே, "அட, மறந்துட்டேன்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது, டெர்வ்லா. கோட்டின் உள்பையில் காகிதம் இருக்கிறது, ஸ்டாம்புகூட ஒட்டியாகிவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். தபாலை நம்ப நாள் இல்லை. நேற்று கிளம்பிய, கப்பலோடு சேரும் படகு ரயிலைப் பிடித்தேன்.

உன் ஓட்டைத் தட்டு எனக்கு இன்னும் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. என்னை மன்னி. உடனே வேண்டாம், மெதுவாக.

ஐந்து மணி ரயிலில் திரும்புகிறேன்.

ஃபின்டன்


நாக்புரோன்
ஜூலை 6

ஃபின்டன்,

கால்வேயிலிருந்து அட்டை வந்தது. முதல் வரி கார்க் என்று அச்சடித்திருக்கிறது. சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று கேட்காதே. தெரியாது. பயம் அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று பிரீஜிடமிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்து இன்று காலை நாலு பக்கம் படித்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "மறுபடியும் முப்பத்தோரு வாசல்லயும் போய் நிக்கணுமா? ஊரே சிரிக்கும். என்னால முடியாது, நீயே வந்து சொல்லு." போனேன். லாரியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கேட்டிலும் நானே இறங்கிச் சொன்னேன். கிழவர் ஹெஃபர்னன், "நாளைக்கு மாத்திச் சொல்லுவியா? அப்படின்னா நாளைக்கே கை குடுக்கறேன்" என்றார்.

உன்மேல் கோபம் போகவில்லை. நீ மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நாட்களுக்குக் கோபம். கால்வேவரை வந்துவிட்டு, இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் வீடு இருக்க, திரும்பிப் போனதற்கு அதைவிடக் கோபம். எண்பத்தாறு பற்றி எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் உன்னைக் குடிகாரன் என்று நினைத்ததற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

இனி சொல்லப்போவது தப்பாக இருக்கலாம். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன்.

லாரி பக்கத்தில் நின்றுகொண்டே படித்தார். அவர் மெதுவாகத்தான் படிப்பார், உனக்குத் தெரியும். எல்லாப் பக்கமும் படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். நான் அந்த உறையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பார், இல்லை, சத்தம் போடுவார், இல்லை, கட்ட வழியில்லை என்று இப்போதாவது சொல்வார். அவரோ காகிதத்தை மடித்து, உறைக்குள் போட்டு, என் கையில் கொடுத்தார். வண்டியில் ஏறினார். இறங்கினார்.

"வியாழக்கிழம கெளம்பி வெள்ளிக்கிழம வந்து அன்னைக்கே திரும்பிட்டானா?"

"ஆமாப்பா."

"எங்க படுத்தான்?"

எனக்குத் தெரியாது என்றேன். "கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன். ஆனால் பதிலை எனக்கு எழுதாதே, ஃபின்டன். உறைமேல் அவர் பெயரை எழுது.

டெர்வ்லா